வீட்டுக் கேசட்டுகள் – 6: பந்தல் ஓரத்துத் தாத்தா

மினி டிவி (MiniDV) கேசட்டை ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினியில் இறக்கினால் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி இடத்தைப் பிடிக்கும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு என்று ஒரு கல்யாணம் நான்கு கேசட்டில் இருந்தால் 52 ஜிபி. சென்ற வாரம் சொன்னபடி இறக்கி முடித்தவர்களுக்கு அடுத்த கவலை உடனே வந்துவிடும். இதைச் சுருக்கினால்தானே துபாயில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப முடியும்? வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினாலும் 2 ஜிபிக்கு மேல் போகாதே?

பலரும் இங்கேதான் ஃபைல் அளவைப் பிடித்துக்கொள்கிறார்கள். மணிக்கு 1 ஜிபி என்று முதலில் முடிவு செய்துவிட்டு, படம் எப்படி வந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது தரத்தை. அளவு அதிலிருந்து தானாக வரட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வீட்டுப் படத்தின் உயிர் இருக்கும் இடமும் படத்தைச் சுருக்கும் என்கோடர் தாராளமாகப் பிட் செலவழிக்கும் இடமும் வேறு வேறு என்பதுதான்.

சினிமாவில் நாம் பார்க்க வேண்டிய முகத்தின் மேல் விளக்கைப் போட்டிருப்பார்கள். கல்யாண வீடியோவில் விளக்கு மணமேடையின் மேல்தான் விழும். பந்தல் ஓரத்தில், தூண் நிழலில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேமரா இரண்டு நொடி கடந்து போகும். அவர் அசையும் படம் அந்த வீட்டில் அது ஒன்றுதான் என்றும் இருக்கலாம். என்கோடருக்கு அவர் தாத்தா என்று தெரியாது. மங்கலான, வேறுபாடு குறைந்த பகுதி என்று மட்டும் தெரியும். பிட் பற்றாக்குறை வந்தால் முதலில் அங்கேதான் கை வைக்கும். கன்னச் சுருக்கம் மறையும், வேட்டி மடிப்பு மறையும், கடைசியில் முகம் கட்டம் கட்டமாகத் தட்டையாகிவிடும்.

இது எப்படி நடக்கிறது? என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. முந்தின அல்லது பிந்தின ஃப்ரேமில் அதே போன்ற கட்டம் இருந்தால், அது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. மிஞ்சும் வித்தியாசத்தை அலைகளாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுண் அலைகளை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடுகிறது. இந்த அலைக் கணக்கு 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. எழுதியவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ். இதே யோசனைக்காக அகமது கேட்ட அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டிருந்தது. விசிடியும் டிவிடியும் அந்தக் கணக்கில் ஓடின. இன்றைய சுருக்க முறையான எச்.264 அதன் வழிவந்த ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

கட்டம் நகர்ந்ததைக் குறித்து வைக்கும் இந்த உத்தி நம் கல்யாணங்களில் திணறும் இடங்கள் உண்டு. தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சதை நாலா பக்கமும் பறக்கிறது, ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில். ஹோமப் புகைக்கு விளிம்பே கிடையாது. போட்டோகிராஃபரின் ஃபிளாஷ் வெட்டும்போது முழு ஃப்ரேமும் ஒரு கணம் வெளுத்து, முந்தின ஃப்ரேமோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் போகிறது. எடிட்டிங்கில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்று எழும் இடங்களும் இதே வகைதான். வரவேற்பில் இருவர் அசையாமல் நிற்கும் பத்து நிமிடத்துக்குத் தேவைப்படும் பிட்டைவிட, அதே அளவு நேரத்துக்கு இங்கே பல மடங்கு தேவை. மணிக்கு இவ்வளவு என்று அளவைப் பூட்டி வைத்தால், கல்யாணத்தின் மிக முக்கியமான நிமிடம்தான் மிக மோசமாக வரும்.

அதனால் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலவச மென்பொருள்தான். எச்.264க்கு அதில் 0 முதல் 51 வரை ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு படி இறங்கினால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கேசட் காலத்துப் படங்களுக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக் தயாரிப்பாளர்களே சொல்லும் வரம்பு. வேகத்துக்கு 'ஸ்லோ' வையுங்கள். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். இருட்டுப் பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கச் சொல்லவும் வழி உண்டு: எச்.264 படத்தை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் 'ஏக்யூ மோட்' என்ற அமைப்பை 3 என்று வைக்க வேண்டும். தாத்தாவுக்காக நான் அதைத் தவறாமல் வைக்கிறேன்.

என்கோடு செய்வதற்கு முன் வீண் செலவை நிறுத்த வேண்டும். நம் ஊர்க் கேமராக்கள் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தவை. ஒவ்வொரு ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிகளின் பின்னல். ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. கணினித் திரையில் யாராவது கையை வீசினால் விளிம்பு சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். அந்தப் பற்களையும் உண்மையான நுணுக்கம் என்று நம்பி என்கோடர் பிட்டைக் கொட்டும். டீஇன்டர்லேஸ் ஃபில்டரில் 'பாப்' வகையைப் போட்டால் பாதிகள் பிரிந்து நொடிக்கு 50 முழு ஃப்ரேமாகும். அசைவும் வழுக்கிக்கொண்டு ஓடும். 25 ஃப்ரேமிலேயே நிறுத்துபவர்கள் அசைவில் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

விஎச்எஸ் நாடாவாக இருந்தால் படம் முழுக்கப் புள்ளிகள் மொய்க்கும். அவையும் பிட் தின்பவை. டீநாய்ஸ் ஃபில்டரை மிக லேசாக வைக்கலாம். கூட்டினால் பட்டுப்புடவையின் ஜரிகை மழுங்கி, முகங்கள் மெழுகாகிவிடும். நாடாப் படத்தின் அடியில் துடிக்கும் சில வரிகளை வெட்டிவிடுங்கள். படத்தைப் பெரிதாக்க வேண்டாம்: 576 வரிப் படத்தை 1080 ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும்.

எண்ணைத் தீர்மானிக்க முழுக் கேசட்டையும் ஓட்டத் தேவையில்லை. அட்சதை விழும் ஒரு நிமிடம், இருட்டான ஒரு நிமிடம், இரண்டையும் 18, 20, 22 என்று மூன்று விதமாக என்கோடு செய்யுங்கள். வீட்டு டிவியில் போட்டு, வீட்டில் மூத்தவரை அருகில் உட்கார வைத்துப் பாருங்கள். போன் திரை குறைகளை மறைத்துவிடும். மணமக்களை விடுங்கள், பின்வரிசையைப் பாருங்கள். "இது யாரு, காரைக்குடி அத்தையா?" என்று அவர் தயங்காமல் சொல்ல முடிகிற எண் எதுவோ அதுவே உங்கள் எண். பிறகு வருகிற அளவை ஏற்றுக்கொள்ளுங்கள். சராசரியாக நொடிக்கு 4 மெகாபிட் வந்தால், எட்டால் வகுத்து 3,600ஆல் பெருக்க, படம் மட்டும் மணிக்கு 1.8 ஜிபி. ஒவ்வொரு கேசட்டும் தனி ஃபைலாகத் தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 இன்னும் சுருக்குமே என்பீர்கள். பெரிய படங்களில் அது உண்மை. இந்தச் சிறிய படத்தில் லாபம் குறைவு, பழைய டிவிகள் பலவற்றில் ஓடவும் ஓடாது. கல்யாணத்தை ஸ்டுடியோவில் விசிடியாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதில் இருப்பது 352க்கு 288 புள்ளி, அதாவது கேசட் படத்தில் சுமார் கால் பங்கு. அதை மேலும் சுருக்காதீர்கள். தட்டிலிருந்து அப்படியே நகலெடுங்கள். மூல நாடா பரணில் இருந்தால் அதையே மறுபடி இறக்குங்கள்.

சுருக்கிய பிறகு அந்த 52 ஜிபியை அழிக்கவும் கூடாது. 4 டெராபைட் டிஸ்க் ஒன்றில் இப்படி முந்நூறு கேசட் கொள்ளும். இன்னும் பத்து ஆண்டில் இதைவிட நல்ல என்கோடரும் ஃபில்டரும் வரும்போது அசல் கையில் இருக்க வேண்டும். சுருக்கிய ஃபைலை மறுபடி சுருக்கினால் இரண்டு முறை இழந்ததாக ஆகும்.

ஒலியைப் பற்றி இன்னும் பேசவில்லை. கெட்டிமேளம் முடிந்ததும் சில நொடிகளுக்குப் பேச்சே கேட்காமல் போவது ஏன், அதில் எவ்வளவை மீட்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.