நான்கு முதல் பதினைந்து வரை

தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ அறுபதைத் தாண்டிய பேஸ்கட்பால் ரசிகர் ஒருவரைப் பிடித்து, "உங்க காலேஜ் டீம்ல உங்களுக்குப் பிடிச்ச பிளேயர் யாரு சார்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பெயர் வராது, எண்தான் வரும். "ஒன்பதாம் நம்பர். இடது கைக்காரன். பந்து அவன் கைக்குப் போனா எங்களால உட்கார முடியாது." பெயர் கொஞ்சம் பொறுத்து வரும். சிலருக்குக் கடைசி வரை பட்டப்பெயர்தான் வரும்.

எண் இப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்றைய சர்வதேச விதிப்படி சட்டையில் 4 முதல் 15 வரைதான் போடலாம். ஒன்று, இரண்டு, மூன்று கிடையாது. நடுவர் விரல்களைக் காட்டிப் புள்ளி சொல்லும்போது ஆட்டக்காரர் எண்ணோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு எண்கள். நான்காம் எண் பெரும்பாலும் கேப்டனுக்குப் போகும். ஒருவர் படிப்பை முடித்துக் கிளம்பினால் அடுத்த ஆண்டு அதே சட்டை ஜூனியர் ஒருவனுக்கு வரும். அவனைப் பார்க்கும் கூட்டம் பழையவனையும் சேர்த்தே பார்க்கும். "இவன் அந்த ஒன்பது மாதிரி இல்லடா" என்ற தீர்ப்பு முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும். 2014க்குப் பிறகு 0, 00, 1 முதல் 99 வரை எதையும் போடலாம் என்று விதி தளர்ந்தது. இன்றைய மாணவன் ஜோர்டனுக்காக 23ஐக் கேட்கிறான், கர்ரிக்காக 30ஐக் கேட்கிறான். அதில் தவறில்லை. ஆனால் அவன் சட்டை யாரை நினைவூட்டுகிறது என்று பார்த்தால், கல்லூரியின் சீனியரை அல்ல.

இந்த ஆட்டம் நம் பக்கம் வந்த வழியே கல்லூரி வழிதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். அதே ஒய்.எம்.சி.ஏ. மரபில் வந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் போன இடங்களுக்கெல்லாம் இரும்பு வளையமும் போனது. 1937இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனை நெரிசலை விட்டுத் தாம்பரம் காட்டுக்குக் குடிவந்தபோது 365 ஏக்கர் கிடைத்தது. செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று மூன்று விடுதி ஹால்கள். ஹாலுக்கு ஹால் போட்டி என்றால் வெளியூர் அணியோடு மோதுவதைவிடச் சூடு அதிகம். ரசிகன் என்ற பிராணி உருவாவது இப்படித்தான்: தன்னோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் மாலையில் வளையத்துக்குக் கீழே நிற்கிறான்.

அன்றைய ஆட்டமும் வேறு. கோர்ட் சிமெண்ட் தரை. விழுந்தால் முட்டியில் தோல் இருக்காது. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிக்குள் வந்ததே 1984இல்தான். அதற்கு முன்பு பாதிக் கோர்ட்டிலிருந்து போட்டாலும் இரண்டுதான். இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. முப்பது வினாடிகளுக்குள் பந்தை எறிந்தால் போதும். எனவே உயரமான சென்டரைச் சுற்றி ஆட்டம் நின்று நிதானமாக நடக்கும். பார்ப்பவருக்கு ஆளை அளக்க நேரம் இருந்தது; ஒருவர் பந்தைத் தட்டும் விதம், ஃபவுல் வாங்கியதும் முறைக்கும் விதம் எல்லாம் மனப்பாடமாகும். 2000இல் முப்பது வினாடி இருபத்து நான்காகக் குறைந்தது. பாதிகள் போய்ப் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளிப்போனது. இன்றைய ஆட்டம் வேகமானது, கூர்மையானது, என் கணக்கில் பார்க்கவும் சிறந்தது. பழைய ஆட்டம்தான் ஆட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் ஏங்குவது ஆட்டத்துக்காக அல்ல, ஆட்களுக்காக.

அந்த ஆட்கள் கல்லூரி முடிந்ததும் காணாமல் போகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். நன்றாக ஆடினால் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, போலீஸ் என்று எங்காவது வேலை கிடைக்கும். வேலை என்றால் பென்ஷன் உள்ள வேலை. நேற்றுவரை கல்லூரிச் சட்டையில் பார்த்தவரை நாளை வங்கிச் சட்டையில் பெரியகுளம் போட்டியிலும் கோவை பி.எஸ்.ஜி. கோப்பையிலும் பார்க்கலாம். மாலையில் அவரே பழைய கோர்ட்டுக்கு வந்து ஜூனியர்களோடு ஆடுவார், திட்டுவார், டீ வாங்கிக் கொடுப்பார். பதினைந்து வருடம் ஒரே முகத்தைப் பார்த்தால் பிடித்துப்போகாமல் என்ன செய்யும்?

இதைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னைப் பெண் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணித் தலைவியானார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். இடையில் தாயானார், திரும்பி வந்து மறுபடி ஆடினார். 2013இல் தோஹாவில் 3x3 ஆசியப் பட்டம் வென்ற அணியிலும், 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ. சங்கனாச்சேரியிலிருந்து வந்த கீது அன்னா ஜோஸும் அனிதாவைப் போலவே தெற்கு ரயில்வே அணிதான். ஆஸ்திரேலியாவில் போய் ஆடினார், 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போன இந்தியப் பெண் அவர். இருவரையும் சென்னை ரசிகர்கள் சொந்தம் கொண்டாடுவதற்கு விருதுகள் மட்டும் காரணமில்லை. ரயில்வே சம்பளம் அவர்களை ஒரே ஊரில், ஒரே அணியில் வைத்திருந்தது.

இன்று ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. கட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான், கேளம்பாக்கம் பக்கம் வி.ஐ.டி. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். பக் தொடங்கிய நந்தனம் கல்லூரியே இப்போது அதன் இணைப்பில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, விடுதியும் சாப்பாடும் கொடுத்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவருகின்றன. ஏழை வீட்டு உயரமான பையனுக்கு அன்று இந்தக் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. பலனும் கண்கூடு: 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டு ஆண்கள் பஞ்சாபை வென்று பட்டம் எடுத்தார்கள். முயின் பெக், அரவிந்த் குமார் போன்ற நம் ஆட்கள் இந்திய அணியின் முதுகெலும்பு.

ஆனால் இவர்களைக் கல்லூரியில் கைதட்டி வளர்த்த கூட்டம் எங்கே? பஸ் நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறது. பாதி மாணவர்கள் நாற்பது கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டியவர்கள். போட்டி நடப்பது தெரிவதே முடிந்த பிறகு, ரீல்ஸில். அதில் ஒரு டங்க் இருக்கும், ஆடியவன் பெயர் இருக்காது. படிப்பு முடிந்ததும் அவன் ஒரு லீகிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறான், யு.பி.ஏ. வந்தது, நின்றது, ஐ.என்.பி.எல். வந்தது, அதில் 'சென்னை ஹீட்' ஆடியது. வங்கி வேலை முன்புபோல் உறுதியில்லை. முகம் பழகுமுன் ஆள் கிளம்பிவிடுகிறான்.

கடற்கரைப் பக்கம் நிலைமை நேர்மாறு. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை குப்பங்களில் பேஸ்கட்பாலுக்கு இடமில்லை. கம்பமும் சிமெண்டும் கேட்கிற ஆட்டம் அது, மணலில் வாலிபால் வலைதான் நிற்கும். அங்கே நாயகர்கள் அலைச்சறுக்கு ஆட்கள். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. கோவளத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்த மூர்த்தி மேகவனை அந்தக் கரைப் பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்கிறவரும் கைதட்டுகிறவரும் ஒரே கரையில் இருக்கிறார்கள்.

கல்லூரி பேஸ்கட்பாலை மதமாகவே கொண்டாடும் அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். கென்டக்கி பல்கலைக்கழகத்து ரசிகர்களுக்கு மிகப் பிடித்த நால்வர் கோப்பை வென்றவர்கள் அல்ல. விதிமீறலுக்காக அணிக்குத் தடை விழுந்து, மற்றவர்கள் ஓடிப்போனபோது ஓடாமல் இருந்தவர்கள். 1992 மார்ச்சில் டியூக் அணியின் கிறிஸ்டியன் லேட்னர் கடைசி நொடியில் போட்ட பந்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். தோற்ற அடுத்த மாதமே அந்த நால்வரின் சட்டைகளையும் அரங்கக் கூரையில் ஏற்றிவிட்டது பல்கலைக்கழகம். 'மறக்க முடியாதவர்கள்' என்றுதான் இன்றும் அவர்களுக்குப் பெயர். இப்போது அங்கே 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், கல்லூரியும் எளிதாக மாறலாம். மாணவனுக்கு அது நியாயம், உழைப்பவன் சம்பாதிக்கட்டும். ரசிகனுக்குத்தான் ஒவ்வொரு நவம்பரிலும் புது அணி.

நம் ஊரிலும் வேகத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் ஒரு காரியம் மலிவாகச் செய்யலாம். சேர்க்கைப் பருவத்தில் நெடுஞ்சாலையெங்கும் முதலிடம் பிடித்தவர் படத்தைப் பெரிதாக வைக்கிற கல்லூரிகள், கோர்ட் ஓரமாக ஒரு பலகை வைக்கட்டும்: ஆண்டு, ஆட்டக்காரர் பெயர், சட்டை எண், பிறந்த ஊர். பழைய அணிகளின் பெயர்களுக்கு உடற்கல்வித் துறைப் பதிவேடுகளைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பழைய மாணவர் வீட்டு ஆல்பங்களில் கிடைக்கும். உங்களிடம் அப்படியொரு குரூப் போட்டோ இருந்தால், நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர் எல்லோர் பெயரையும் இந்த வாரமே பின்பக்கம் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள்.