கனமில்லாத குடித்தனம்

காற்றில் மிதக்கும் வாழ்வு எத்தனை சுகமானது என்று குழந்தைகள் கற்பனை செய்வதுண்டு. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வசிப்பவர்களுக்கு அந்தச் சுகம் இரவும் பகலும் கிடைக்கிறது. அவர்கள் எவ்வாறு குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

அங்கே பூமியின் ஆகர்ஷண சக்தி இல்லை என்று எண்ணுவது பிசகு. தரையில் உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. ஆனால் அந்நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே ஓயாமல் பூமியை நோக்கி விழுகிறது. ஓட்டத்தின் வேகத்தால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறது. வீடும் விழுகிறது, வீட்டாரும் விழுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாததால் கனமே தெரிவதில்லை.

முதலில் சாப்பாடு. 1965-ஆம் ஆண்டில் ஜெமினி 3 விண்கலத்தில் ஜான் யங் என்பவர் மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் ஸாண்ட்விச் ஒன்றைக் கொண்டு போனார். அவருடைய தோழர் கிரிஸம் அதைக் கடித்ததுதான் தாமதம், துணுக்குகள் உதிர்ந்து மிதக்கத் தொடங்கின. துணுக்கு கண்ணில் விழுந்தாலும், இயந்திரத்தில் புகுந்தாலும் ஆபத்தே. ஆகையால் இப்பொழுது சப்பாத்தி போன்ற உதிராத ரொட்டியே வழங்குகிறது. உப்பும் மிளகும்கூடத் திரவமாகவே வருகின்றன. 2025-ஆம் ஆண்டில் நமது நாட்டின் சுபான்ஷு சுக்லா அங்கே கொண்டு சென்ற காரட் ஹல்வாவும் பயத்தம்பருப்பு ஹல்வாவும் உதிராத பண்டங்களே!

தூக்கத்துக்குப் பாயும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். சுவரில் கட்டிய பையினுள் புகுந்துகொண்டால் போதும். ஆனால் காற்றோட்டம் அவசியம். சூடான மூச்சு அங்கே தானாக மேலெழும்புவதில்லை. விசிறி நின்றால், விட்ட கரியமில வாயுவே முகத்தைச் சூழ்ந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது தண்ணீர். அது கீழே வழிவதில்லை. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே குளியல் என்பது ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதுதான். 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, இத்தாலியரான லூக்கா பர்மிதானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்து கொண்டிருந்தபோது, உடையைக் குளிர்விக்கும் நீர் அவருடைய தலைக்கவசத்தினுள் கசிந்தது. அது கண்ணை மறைத்து மூக்கையும் மூடியது. துடைக்கவும் வழியில்லை. தம்மைப் பிணைத்திருந்த கம்பியின் உதவியால் தட்டுத் தடுமாறி உள்ளே திரும்பி உயிர் தப்பினார். தரையில் அந்த நீர் கழுத்துக்குக் கீழே வழிந்து போயிருக்கும்.

உடம்பும் கனத்தைத் தேடுகிறது. சுமக்க ஒன்றுமில்லாத எலும்பும் தசையும் நாளுக்கு நாள் நலிகின்றன. அதனால் அங்கே தினந்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தேகாப்பியாசத்துக்கென்றே ஒதுக்கப்படுகிறது.

பாத்திரத்தில் சோற்றை நிறுத்துவதும், முகம் கழுவிய நீரை வடியச் செய்வதும், எலும்புக்கு உறுதி தருவதும் கனமே. நாம் பாரமென்று சலித்துக்கொள்ளும் அது, கூலி கேளாமல் நம் வீடுகளில் ஊழியம் செய்து வருகிறது.