லண்டனில் ஃபிளாட்: விலையைக் கேட்குமுன் ஆண்டைக் கேளுங்கள்

சென்ற மாதம் ஒருநாள் புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் என் கடைக்கு வந்தார். அவருடைய மகன் லண்டனில் வேலை செய்கிறார். அங்கே ஒரு ஃபிளாட் வாங்குவதற்கு வாப்பாவிடம் காசு கேட்டிருக்கிறார்.

“அதே கட்டடத்துல பக்கத்து ஃபிளாட் 3 இலட்சம் பவுணுக்குப் போயிருக்கு. இது 2 இலட்சத்து 65 ஆயிரம்தான். காசை அனுப்பிடலாமா தம்பி?” என்றார்.

“லீஸ்ல எத்தனை வருஷம் மிச்சம் இருக்கு என்று மகன்கிட்ட கேட்டீங்களா ஹாஜியார்?” என்றேன்.

“சொந்தமா வாங்குற வீட்டுக்கு என்ன லீஸ்?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கினால் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பெரும்பாலும் கூட்டாதன உறுதி எழுதி வீடு நமக்கே உரித்தாகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு. அங்கே ஃபிளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் உரிமையாளருக்குரியவை. நாம் வாங்குவது குறித்த ஆண்டுகளுக்கு அந்த ஃபிளாட்டை அனுபவிக்கும் உரிமையை மட்டுமே. 99 ஆண்டு, 125 ஆண்டு என்று லீஸ் எழுதுவார்கள். அது தீர்ந்தால் ஃபிளாட் உரிமையாளரிடமே திரும்பிவிடும்.

மகனிடம் விசாரித்தபோது 70 ஆண்டுதான் மிச்சம் என்று தெரியவந்தது. பக்கத்து ஃபிளாட்டின் லீஸ் ஏற்கனவே நீடிக்கப்பட்டது. விலை வித்தியாசத்தின் காரணம் அதுதான்.

70 ஆண்டு நமக்குப் போதாதா என்று கேட்கலாம். குடியிருக்கப் போதும், விற்கத்தான் போதாது. பத்து வருடம் கழித்து விற்கும்போது 60 ஆண்டுதான் மிஞ்சும். குறைந்த ஆண்டுள்ள ஃபிளாட்டுக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். வட்டியில்லா வீட்டு நிதி தரும் நிறுவனங்களும் மிச்ச ஆண்டைப் பார்க்கும். சரக்கு கையில் இருக்கும், வாங்க ஆள் இராது.

இதற்கு வழி லீஸை நீடிப்பது. 1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதப்பட்ட லீஸ் உள்ள ஃபிளாட்காரர் மிச்ச ஆண்டுகளுடன் மேலும் 90 ஆண்டைக் கேட்டுப் பெறலாம். 70 என்பது 160 ஆகிவிடும். கிரவுண்ட் ரென்ட் என்ற நில வாடகையும் இல்லாமற் போகும். ஆனால் அதற்கு உரிமையாளருக்கு விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலையில் 80 ஆண்டு என்பது முக்கியமான கோடு. மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே போனால் ‘மேரேஜ் வெல்யூ’ என்ற ஒன்று சேரும். லீஸ் நீண்டதால் சொத்தின் பெறுமதி எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதியை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் பார்ப்போம். நீடித்த பின் ஃபிளாட்டின் பெறுமதி 3,00,000 பவுண், இப்போதைய பெறுமதி 2,65,000 என்று வைப்போம். 70 ஆண்டு கழித்து ஃபிளாட் திரும்பி வரும் என்று காத்திருக்கும் உரிமையாளருக்கு, ஆண்டுக்கு 5 வீதம் கழித்துப் பார்த்தால், இன்று அதன் மதிப்பு சுமார் 10,000 பவுண். அதை அவருக்கு ஈடு செய்ய வேண்டும். 35,000 இல் இந்தப் 10,000 ஐக் கழித்தால் 25,000 மிஞ்சும். அதில் பாதி 12,500. ஆக மொத்தம் 22,500. நில வாடகை இழப்பு இதற்கு வெளியே. நம்முடைய சொலிசிட்டர், வெல்யுவர் கட்டணத்தோடு உரிமையாளர் தரப்பின் நியாயமான கட்டணமும் நம் தலையில் விழலாம். நீடிக்கும் உரிமையே இல்லை என்று வைத்துத்தான் பழைய லீஸை மதிப்பிடுவார்கள் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கூடவும் வரும். 35 ஆயிரம் மலிவு என்று நினைத்தது எங்கே போனது பாருங்கள்!

முன்பு ஃபிளாட்டை வாங்கி இரண்டு வருடம் கழிந்த பின்பே நீடிப்புக் கேட்க முடியும். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனை நீங்கிவிட்டது. வாங்கியவர் தம் பெயரில் பதிவானதும் கேட்கலாம். ஆனால் பதிவுக்கு மாதக்கணக்கில் எடுக்கலாம். மிச்சம் 80 ஆண்டும் சில மாதங்களும் என்றால் இந்தத் தாமதமே நட்டம். நோட்டீஸ் கொடுத்த நாளை வைத்தே விலை கணிக்கப்படும். ஆகவே விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கச் செய்து, வீடு கைமாறும் அதே நேரத்தில் அந்த உரிமையையும் நமக்கு எழுதி வாங்கலாம்.

2024 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 990 ஆண்டு நீடிப்பும் மேரேஜ் வெல்யூ ஒழிப்பும் உள்ளன. ஆனால் சட்டம் நிறைவேறியதோடு அவை அமுலுக்கு வந்துவிடவில்லை, அவற்றுக்குத் தனியாக நாள் குறிக்கப்பட வேண்டும். கையெழுத்திடும் நாளில் எது நடைமுறையில் உள்ளது என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள். வரப்போகும் சட்டத்தை நம்பி இன்றைய விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில உரிமையாளர்கள் “சட்டமெல்லாம் எதற்கு, நமக்குள் பேசி முடிப்போம்” என்பார்கள். தொகை குறைவாகத் தெரியும். எழுத்தைப் படித்தால் லீஸ் 99 ஆண்டாக மட்டுமே உயரும். சொலிசிட்டர் படிக்காமல் இணங்க வேண்டாம்.

ஹாஜியாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் மிச்ச ஆண்டைக் கேளுங்கள். அடுத்து வெல்யுவரிடம் நீடிப்புச் செலவைக் கணிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் கட்டணங்களையும் கேட்கும் விலையோடு கூட்டி, பக்கத்து ஃபிளாட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். பிறகு பேரம் பேசுங்கள்.

மகன் இப்போது விற்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஹாஜியாரின் காசு இன்னும் கொழும்பில்தான் இருக்கிறது. முப்பது வருடம் கடையில் நின்று சேர்த்த காசு அது. ஒரு கேள்வி கேட்காததற்காக அதை இழக்கலாமா?