தீவிலிருந்தும் குரல் கேட்க வேண்டும்

நெடுந்தீவிலிருந்து எங்கள் குழுவில் சேர்ந்த தங்கை ஒருத்தி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து ஒரே சொல்லைத்தான் சொன்னாள்: "கேட்குதா?" நான்காம் வாரம் அவள் வரவில்லை. அவளுக்கு வேலை தெரியாமலில்லை. எங்களுள் நல்ல தமிழ் அவளுடையதுதான். நாங்கள் தெரிவு செய்த மென்பொருளே அவளை வெளியே நிறுத்தியது.

நாங்கள் பதினொரு பேர். திறந்த மூல மென்பொருள்களில் திரையில் தோன்றும் சொற்களைச் சம்பளம் இல்லாமல் தமிழாக்குகிறோம். திறந்த மூலம் என்றால், அந்த மென்பொருளின் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் இவ்வகையின. நான் நயினாதீவில் இருக்கிறேன். மற்றவர்கள் ஊர்காவற்றுறை, புத்தளம், ரொறன்ரோ எனப் பரந்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு எந்தத் தமிழ் பொருந்தும் என்று எழுதி எழுதி முடிவெடுக்க இரண்டு நாள் போகும். பேசினால் ஐந்து நிமிடம். ஆகவே ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடி, மஃரிபுக்கு முன் முடித்துவிடுவோம்.

முதலில், கைபேசி இலக்கத்தைக் கொண்டு சேரும் ஒரு செயலியில் பேசினோம். இரண்டாம் வாரமே முன்பின் அறியாத ஒருவர் எனக்கு அழைப்பு எடுத்தார். வாப்பா கோபிக்கவில்லை, மூன்று கேள்வி கேட்டார். "உன்ர நம்பர் ஆருக்கெல்லாம் தெரியும்? முகம் காட்ட வேணுமா? நீங்கள் பேசிறது எங்க போய்ச் சேருது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்து, படத்துடன் பேசும் மென்பொருளுக்கு மாறினோம். அங்கேதான் நெடுந்தீவுத் தங்கையை இழந்தோம்.

அதன்பின் வாப்பாவின் மூன்று கேள்விகளையும் அவளுடைய சிக்கலையும் அளவுகோலாக வைத்துத் தேடினேன்.

முதலில் டேட்டா. படம் விநாடிக்கு 500 கிலோபிட் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 225 மெகாபைட் செலவாகும். குரல் மட்டும் 40 கிலோபிட் எடுத்தால் 18 மெகாபைட்தான். 2012 இல் நியமமாக்கப்பட்ட ஓபஸ் என்னும் குரல் சுருக்க முறை, விநாடிக்கு 6 கிலோபிட் வரை இறங்கியும் இயங்கக்கூடியது. சிக்னல் மெலிந்த தீவுக்கு இது பெரிய உதவி.

அடுத்து மென்பொருள்கள். 2015 இல் வந்த டிஸ்கோர்ட் வசதியானது. இளைஞர் பலருக்குப் பழக்கமானது. ஆனால் அதன் நிரல் திறந்ததன்று. நாங்கள் பேசுவதும் எழுதுவதும் அந்நிறுவனத்தின் கணினிகள் வழியாகவே போகும். ஜிட்சி மீற் திறந்த மூலமானது. எதையும் நிறுவாமல், உலாவியில் ஓர் இணைப்பைத் தொட்டே நுழையலாம். கமராவை மூடி வைக்கலாம். தமிழ்நாட்டின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தன் வாராந்தக் கூட்டத்தை அதிலேதான் நடத்துகிறது. அதன் பொதுத் தளத்தில் 2023 ஓகஸ்ட் முதல், கூட்டத்தைத் தொடங்குபவர் கணக்கு ஒன்றின் மூலம் உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

மம்பிள் 2005 இல் வெளிவந்தது. இதுவும் திறந்த மூலமே. குரலுக்கென்றே செய்யப்பட்டதால் முகம் காட்டும் பேச்சுக்கே இடமில்லை. தொலைபேசி இலக்கமும் வேண்டாம். ஒரு பெயர் போதும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் நம் குரல் போகும்படி வைக்கலாம். பேசாதவரின் குரலுக்கு டேட்டா செலவில்லை. சேவையகத்தை ஒரு சிறிய கணினியிலேயே நாமே நடத்தலாம்.

குறைகளும் உண்டு. கைபேசியில் தனியாக ஒரு செயலியை நிறுவ வேண்டும். புதியவர்கள் அதிலேயே தடுமாறுவார்கள். குரல் வழியில் குறியாக்கப்பட்டே போனாலும், சேவையகத்தை நடத்துபவர் நினைத்தால் கேட்க முடியும். ஆகவே அது நாம் அறிந்த, நம்பத்தக்க ஒருவரின் கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு கைபேசியை வைத்து ஒருவர் பதிவு செய்தால் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. சபையில் பேசியது அமானிதம் என்று மத்ரஸாவில் படித்தது இங்கேயும் பொருந்தும்.

முடிவில் வாராந்த வேலைக்கு மம்பிளையும், புதியவர்கள் வரும் நாள்களுக்கு ஜிட்சியையும் வைத்துக்கொண்டோம். புத்தளத்து அக்கா ஒருவர் சேவையகத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாப்பாவிடம் மூன்று பதில்களையும் சொன்னேன். "சரி, போய்க் கதை" என்றார்.

தங்கைகளே, ஒரு செயலியில் சேருமுன் அந்த மூன்று கேள்விகளையும் நீங்களே கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, வேண்டாம் என்று சொல்லுமுன் உங்கள் பிள்ளையிடம் அவற்றைக் கேளுங்கள். விடை தேடுவதற்குள் அவள் பாதித் தொழினுட்பம் படித்துவிடுவாள். குழு நடத்துவோர், நல்ல இணைப்பு உள்ளவரை வைத்து மென்பொருளைத் தெரிவு செய்யாதீர்கள். மிக மெலிந்த இணைப்பு யாருக்கோ, அவரை வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

நெடுந்தீவுத் தங்கை திரும்பி வந்துவிட்டாள். போன ஞாயிறு, நான் முன்வைத்த நான்கு சொற்களில் மூன்று பிழை என்று வாதாடினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.