பெருங்குழுவின் நடுவே ஒரு மெல்லிய நாதம்

சென்ற ஆண்டு நமது சங்க விழாவில் ஒரு சிறுமி வீணை வாசித்தாள். உடன் முழங்கிய தாள வாத்தியங்களில் அந்நாதம் மூழ்கிப் போயிற்று. குழந்தை கண் கலங்கி மேடையை விட்டிறங்கியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று என் நினைவுக்கு வந்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மில்ட் ஜாக்சன்.

1923இல் டெட்ராய்ட் நகரில் பிறந்து, 1999இல் மறைந்த அவர் வாசித்தது வைப்ரஃபோன். வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகளை, நூல் சுற்றிய கோல்களால் தட்டி வாசிக்கும் வாத்தியம் அது. பட்டைகளின் கீழுள்ள குழாய்களின் வாயில், மின்விசையால் தகடுகள் சுழன்று நாதத்தை அசைவிக்கும். ஜாக்சன் அவற்றை மெதுவாகச் சுழலவிட்டு, பாடும் குரலையொத்த கார்வையை எழுப்பினார்.

நால்வரே கொண்ட 'மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்'டில் பழகிய அவர், 1962இல் நியூயார்க்கில் பெருங்குழுவுடன் 'பிக் பேக்ஸ்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸஃபோனும் அணிவகுத்த அக்கூட்டத்தில் மெல்லொலி எவ்வாறு பிழைத்தது?

இசைக்கோவையை அமைத்த டாட் டேமரன், எர்னி வில்கின்ஸ் ஆகிய இருவரின் விவேகமே காரணம். ஜாக்சன் வாசிக்கையில் ஊதுகருவிகள் தணிந்து நிற்கும். அவர் நிறுத்துமிடத்தில் ஒருங்கே எழுந்து விடை பகரும்.

வலியவர் இடம்விட்டாலன்றி மெலியவர் குரல் கேளாது. வரும் விழாவில் அச்சிறுமி மீண்டும் வாசிக்க வேண்டும். பக்கவாத்திய அன்பர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக.