எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி செல்லும் பேருந்தில் ஒருநாள் ஏறி உட்காருங்கள். வெளியே வேடிக்கை பார்க்க வேண்டாம். கைப்பேசியின் மேல் மூலையில் உள்ள சிறு கோடுகளை மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். ஊர் எல்லை வரை கோடுகள் நிறைந்திருக்கும். இருபுறமும் சீமைக்கருவேலங்காடு தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் குறையும். சில இடங்களில் ஒன்றுகூட இராது. பக்கத்தில் இருப்பவரின் போனை எட்டிப் பாருங்கள். அவருடையது வேறு நிறுவனத்தின் சிம் என்றால், அதில் மூன்று கோடுகள் தெரியக்கூடும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால் நிலைமை தலைகீழாக மாறினாலும் வியப்பதற்கில்லை.

“இங்கே டவர் இல்லை” என்பார்கள் நம் ஊர்க்காரர்கள். டவரிலிருந்து வரும் சிக்னலையும் டவர் என்றே அழைப்பது நம் மக்களின் வழக்கம். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிரச்சினையின் வேர் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பருத்தி எடுக்கப் போன காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், 108க்கு அழைக்க வேண்டியது அந்தக் காட்டிலிருந்துதான். அப்பத்தாவின் வங்கிக் கணக்குக்கு வரும் ரகசிய எண் அவர் குடியிருக்கும் ஓட்டு வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். ஆகவே, ‘எந்த நிறுவனத்தின் சிம்மை வாங்குவது?’ என்பது கிராமத்தில் சின்னக் கேள்வியல்ல. பெரும்பாலோர் விளம்பரத்தைப் பார்த்தோ, டவுனில் இருக்கும் மாமாவைக் கேட்டோ வாங்கிவிடுகிறார்கள். டவுனில் நன்றாகப் பேசும் சிம் உங்கள் தோட்டத்தில் ஊமையாகிவிடுவது ஏன் என்று பார்ப்போம்.

மலையே இல்லாத ஊரில் மறைப்பது எது?

நீலகிரியில் சிக்னல் கிடைக்காவிட்டால் மலை மறைக்கிறது எனலாம். இங்கோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. கரிசல் நிலம், அங்கங்கே பனைமரங்கள், கண்மாய்க் கரைகள். இதில் எது மறைக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பூமி உருண்டையாக இருப்பதால், உயரத்தில் நிற்பவருக்குக்கூட ஓரளவு தூரம் வரையே தெரியும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். 40 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு விடை சுமார் 23 கிலோமீட்டர். ரேடியோ அலைகள் காற்றில் சற்றே வளைந்து செல்வதால், அவற்றுக்கு 3.57க்குப் பதில் 4.12 என்று கொள்வர். அப்படியானால் 26 கிலோமீட்டர்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர்தான். எனவே அருப்புக்கோட்டையில் நிற்கும் ஒரே கோபுரம் திருச்சுழி வரைக்கும், அதற்கு அப்பாலும் போதுமே என்று தோன்றும். கணக்கு சரிதான். ஆனால் நடைமுறையில் அது போதாது.

திருவிழாவுக்கு ரேடியோ செட்டு கட்டுகிறார்கள் அல்லவா? கோயில் வாசலில் போடும் பாட்டு பக்கத்து ஊருக்கும் கேட்கும். நீங்கள் அந்தப் பக்கத்து ஊரில் நின்றுகொண்டு, “வேறு பாட்டுப் போடுங்கள்” என்று கத்தினால் செட்டுக்காரருக்குக் கேட்குமா? கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே நடப்பதும் இதுவே. கோபுரத்தின் ஒலிபரப்பி 20, 40 வாட் அளவில் சக்தியை வெளியிடுகிறது. உங்கள் 4ஜி கைப்பேசி அதிகபட்சம் 0.2 வாட்தான் வெளியிடும். நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு! கோபுரத்தில் பெரிய ஆன்டெனாக்களும் மிக நுட்பமான வாங்கிகளும் இருப்பதால் இந்தக் குறை ஓரளவு ஈடு செய்யப்படுகிறது. முழுவதும் அல்ல. போனில் ஒரு கோடு தெரிந்தும் அழைப்பு போகாமல் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோபுரம் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது; நீங்கள் பேசுவது அதற்குக் கேட்கவில்லை.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கில் ஒரு பங்காகும். தரையை ஒட்டி, மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே வரும்போது இதைவிட வேகமாகக் குறையும். எனவே சில கிலோமீட்டருக்கு ஒரு கோபுரமாவது வேண்டும். கோபுரம் கட்டுவதும் அதற்கு மின்சாரம் கொடுப்பதும் செலவு பிடிக்கும் வேலை. நிறுவனங்கள் எண்ணுவது ஆட்களின் தலையை. மானாவாரிக் காடுகள் நடுவே தள்ளித் தள்ளி அமைந்த சிற்றூர்களைவிட மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலை அவர்களுக்கு லாபமானது. பந்தல்குடி பக்கம் சாலையோரத்தில் கிடைக்கும் சிக்னல், பரளச்சி பக்கம் உள்ளொடுங்கிய ஊரில் கிடைக்காவிட்டால் வியப்பென்ன?

கோபுரத்தை அடுத்த முறை பார்க்கும்போது அதன் உச்சியை நன்றாகக் கவனியுங்கள். நீளமான வெள்ளைப் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று திசைகளை நோக்கி இருக்கும். ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறது. சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். ஒரு முகம் நேராகப் பார்க்கும் ஊருக்கும் இரு முகங்களுக்கு நடுவே அகப்பட்ட ஊருக்கும் தூரம் ஒன்றாக இருந்தாலும் சிக்னல் ஒன்றாக இராது.

அலை நீண்டால் நல்லது

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது கோபுரங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவை பயன்படுத்தும் அதிர்வெண்ணும்தான். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 900க்கு 33. 1800க்கு 17. 2300க்கு 13. 5ஜிக்குப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸுக்கு 9 சென்டிமீட்டர்கூட இல்லை. நீண்ட அலைகள் மரக்கிளைகளையும் சுவர்களையும் ஓரளவு சுற்றி வளைந்தும் ஊடுருவியும் வரும். குறுகிய அலைகள் விரைவில் சோர்ந்துவிடும். ஆனால் குறுகிய அலைப்பட்டைகளில் இடம் அதிகம். ஒரே நேரத்தில் நிறையத் தகவல்களை அனுப்பலாம். ஆகவே நெருக்கமான நகரத்துக்கு அவை ஏற்றவை, பரந்த காட்டுக்கு நீண்ட அலைகள் ஏற்றவை.

ஜியோ நிறுவனம் 4ஜிக்கு 850 மெகாஹெர்ட்ஸ் பட்டையையும் பயன்படுத்துகிறது. ஏர்டெல், வி ஆகியவற்றிடம் நாட்டின் பல பகுதிகளில் 900 பட்டை உண்டு. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜிக்கு 700, 2100 ஆகிய பட்டைகள் ஒதுக்கப்பட்டன. உள்நாட்டிலேயே உருவான கருவிகளைக் கொண்ட அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் மையப் பகுதியை வடிவமைத்த சி-டாட் நிறுவனம், 1980களில் குளிர்சாதன வசதியில்லாமலே நம் வெயிலைத் தாங்கும் கிராமத் தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்கிய அதே நிறுவனம்தான்!

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனத்திடம் பட்டை இருந்தால் மட்டும் போதாது, உங்கள் போனிலும் அது இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் சிலவற்றில் 700 பட்டை இல்லை. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. அப்பத்தாவின் பழைய பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு “டவர் இல்லை” என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

கோடுகளை நம்பாதீர்கள்

இனி செய்முறைக்கு வருவோம். திரையில் தெரியும் கோடுகளுக்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று போன் தயாரிப்பவர்கள் அவரவர் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளே உண்மையான அளவு ஒன்று இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகள் பகுதிக்குள் போய், ‘போனைப் பற்றி’ என்பதைத் திறந்து, ‘சிம் நிலை’ என்பதைத் தொட்டால், சிக்னல் வலிமை –97 டி.பி.எம். என்பதுபோல் ஓர் எண் தெரியும்.

0 டி.பி.எம். என்றால் ஒரு மில்லிவாட். எண் 10 இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகும். 3 இறங்கினால் ஏறக்குறையப் பாதியாகும். –90 என்பது ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய சக்தியைக் கொண்டு உங்கள் போன் திரைப்படமே காட்டிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் மலைப்பைத் தரும் செய்தி.

4ஜியில் –90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. –105 வரை சமாளிக்கலாம். –110க்குக் கீழே அழைப்பு தள்ளாடும். –120ஐ நெருங்கினால் ஏறக்குறைய அறுந்தது போலத்தான். 4ஜி எண்ணை 4ஜி எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். 2ஜியில் அளக்கும் முறையே வேறு.

உங்கள் வகுப்பில் நான்கு நிறுவனங்களின் சிம்களும் இருக்கும். பெரியவர்களின் போன்களைக் கேட்டு வாங்கி, நாலைந்து பேராகச் சேர்ந்து ஊரை அளந்துவிடலாம். வீட்டுக்குள், மொட்டை மாடியில், கண்மாய்க் கரையில், கிணற்றடியில், பேருந்து நிறுத்தத்தில், கடைசிக் காட்டில் என்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் நின்று, எண் நிலைத்தபின் எழுதுங்கள். ஓர் அழைப்பும் செய்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு சிம் மொட்டை மாடியில் –100, வீட்டுக்குள் –118 என்று காட்டினால், இடையே உள்ள 18 என்ன சொல்கிறது? கூரையும் சுவரும் சேர்ந்து சக்தியை அறுபதில் ஒரு பங்காக்கிவிட்டன என்று. தகரக் கொட்டகைக்குள் இன்னும் மோசமாக இருக்கும். உலோகத் தகடு அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். ஓட்டுக் கூரை அவ்வளவு கெடுப்பதில்லை.

இரவு எட்டு மணிக்கு மறுபடி ஒருமுறை பாருங்கள். எண் –85 என்று ஜோராக இருந்தும் இணையம் நகராவிட்டால், குற்றம் சிக்னலில் இல்லை. ஊரே அந்த நேரத்தில் அந்தக் கோபுரத்தைப் பிடித்துத் தொங்குகிறது என்று பொருள். மின்வெட்டு நேரத்தையும் தவறவிடாதீர்கள். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். டீசல் ஜெனரேட்டர் இல்லாத அல்லது ஓடாத இடங்களில் பிறகு அதுவும் அணைந்துவிடும். கிராமத்தில் நல்ல நிறுவனம் எது என்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது மணி நேரமே.

இரண்டு சிம் போடும் வசதியுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் கோபுரத்தைக் கட்டி, பல சேவை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. உங்கள் இரண்டு சிம்களும் ஒரே கோபுரத்தில் குடியிருந்தால், மின்சாரம் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டின் அளவுகளும் எல்லா இடங்களிலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று உங்கள் குறிப்பேட்டில் பார்த்தால் இதை ஊகித்துவிடலாம்.

சேவை நிறுவனங்கள் தங்கள் சிக்னல் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதித்தது. அதையும் பாருங்கள். ஆயினும் உங்கள் வீட்டுச் சுவரின் கனம் அந்த வரைபடத்துக்குத் தெரியாது. திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று வந்தால், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் அங்கு இல்லை, வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அந்த இடத்தில் 112ஐ அழைக்கலாம். நாட்டின் பொது அவசர எண் அது.

சிம்மை மாற்றுவது

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1999இல் இங்கே தொடங்கி, ஊர் ஊராகப் பரவியிருந்த ஏர்செல்லின் சேவை திடீரென்று தடைப்பட்டது. கடனில் மூழ்கிய அந்நிறுவனம் அம்மாத இறுதியில் நொடிப்பு நடவடிக்கைக்குப் போனது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி 2011 ஜனவரி 20 முதலே நாடு முழுவதும் இருந்தது. ஆனால் அதற்குப் பழைய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமே! சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எப்படி அனுப்புவது? வங்கி, எரிவாயு, ரேஷன் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு முன் கூட்டமாய் நின்றனர்.

எனவே மாறுவதென்று முடிவு செய்தால், சிக்னல் இருக்கும்போதே மாறுங்கள். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற சொல்லை எழுதி, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு வரும். அது தமிழ்நாட்டில் நான்கு நாட்களுக்கே செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் அதைக் கொடுத்துவிட வேண்டும். இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும் என்பது விதி. மாநிலத்துக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாட்கள் ஆகும். புதிய சிம்மைப் போனில் போட்டதும் மீண்டும் ஒருமுறை கிணற்றடிக்கும் கடைசிக் காட்டுக்கும் போய், பழைய குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.