பழைய இரும்பு - 9: முதலில் தரையைத் தூக்குங்கள்

பேப்பர் விவகாரம் போன வாரத்தோடு முடிந்தது. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு ஒப்பிடாமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த வாரம் கான்டெஸாவின் இன்ஜினைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்கப் போன இடத்தில் ஒரு வம்சாவளி கிடைத்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

கான்டெஸாவை நம் ஊர் மஸில் கார் என்கிறார்கள். நீளமான பானெட்டும் அகன்ற முகமும் பார்த்து வைத்த பட்டம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அதில் ரத்த சம்பந்தமே இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்தது. நடுத்தர அளவு காருக்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜினை இறக்கினார்கள்; மஸில் கார் மோகம் நாடு முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான். பான்டியாக், ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளை. அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1925-லேயே இங்கிலாந்தின் வாக்ஸ்ஹாலை வாங்கியிருந்தது. வாக்ஸ்ஹால் 1972-ல் விக்டர் எஃப்.இ. என்ற காரைக் கொண்டுவந்தது. 1976-ல் அதைத் திருத்தி வி.எக்ஸ். என்று பெயரிட்டது, 1978-ல் நிறுத்தியும் விட்டது. இங்கிலாந்து கைவிட்ட அந்த வி.எக்ஸ்.தான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கையில், 1984-ல் கான்டெஸாவாக மறுபிறவி எடுத்தது.

பிறவி எடுத்ததே தவிர, பலம் வரவில்லை. உள்ளே வைத்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். பெரிய உடம்புக்குள் சின்ன இன்ஜின், ஜி.டி.ஓ.வுக்கு நேர் எதிர். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. 88 குதிரைத்திறன். அப்போதுதான் கான்டெஸா கான்டெஸா ஆனது. என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் செய்தி இதுதான்: ஜப்பானின் இசுசுவிலும் 1971 முதல் 2006 வரை ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்தது. உடம்பும் இன்ஜினும் வேறு வேறு நாட்டிலிருந்து வந்து, ஒரே குடும்பத்தின் பிள்ளைகளாக உத்தரபாராவில் சேர்ந்திருக்கின்றன. ஜி.டி.ஓ.வுக்கு நம் கான்டெஸா ஒன்றுவிட்ட தம்பி.

இது வெறும் கதை இல்லை, வாங்குகிறவருக்கு உதவும். இசுசு வண்டி என்று காட்டப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘கிளாசிக்’ எழுத்தை நம்பாதீர்கள். ஆர்.சி.யில் சி.சி. கட்டத்தைப் பாருங்கள். 1489 என்றால் அம்பாசடர் இன்ஜின். 1817 என்றால் இசுசு பெட்ரோல். 1995 என்றால் இசுசு டீசல். டெல்டாவில் டீசலுக்கு மாற்றிய வண்டிகள் உண்டு. மேட்டடார் இன்ஜின் ஏற்றியதும் கண்ணில் படும். மாற்றியது தப்பில்லை. ஆர்.சி.யில் பதியாமல் மாற்றியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

இசுசு இன்ஜின் பிற்கால அம்பாசடரிலும் ஓடியது. அதனால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் தேடினால் கிடைக்கும். ஆனால் கான்டெஸாவின் பாடி நம் ஊரில் வேறு எந்த வண்டியிலும் இல்லை. 2002-ல் உற்பத்தி நின்றது. முன் கண்ணாடி, டெயில் லேம்ப், கிரில் எல்லாம் இன்னொரு கான்டெஸாவிலிருந்து கழற்றினால்தான் உண்டு. போதாக்குறைக்கு இது தனிச் சேசிஸ் இல்லாத வண்டி. தரைத் தகடுதான் முதுகெலும்பு. அது துருவேறினால் வண்டியே போயிற்று. எனவே இன்ஜின் பிறகு, தரை முதலில்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் நெல் கொட்டகையில் நின்ற வெள்ளைக் கான்டெஸாவைப் பார்க்கப் போனோம். நான் பானெட்டைத் திறக்கப் போக, கூட வந்த கும்பகோணத்து டிங்கர் தடுத்தார். “அதை அப்புறம் பாக்கலாம் தம்பி. முதல்ல கார்ப்பெட்டைத் தூக்குங்க.” தூக்கினோம். டிரைவர் காலடியில் தார் பூசிய ஒட்டுத் தகடு. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்தால் குழிக்குள் காய்ந்த வண்டல். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு சாணுக்குப் பழுப்புக் கோடு. “தண்ணி இது வரைக்கும் நின்னிருக்கு” என்றார். ஆலைக்காரர் மறுக்கவில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் வண்டி என்றால் உப்புக் காற்றையும் கணக்கில் சேருங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழே. துணியில் சுற்றிய காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது பட்டி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எத்தனையோ கொட்டகைகள் சரிந்தன, தென்னைகள் விழுந்தன. வண்டியின் கூரைத் தகட்டை உள்ளேயிருந்து கையால் தடவிப் பாருங்கள்; நிமிர்த்திய தகடு விரலுக்குத் தெரியும்.

அடுத்தது எலி. நெல் விளையும் ஊரில் கார் வாங்குகிறவர் எலியைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. மூங்கிலை வில்லாக வளைத்து வயலில் வைக்கும் கிட்டிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்றே பெயர். அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டையும் கொட்டகையையும் தேடி வரும். வைக்கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் கார் அவற்றுக்கு நல்ல இடம். ஹீட்டர் பெட்டிக்குள், பின் சீட்டின் பஞ்சுக்குள், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ஒயரிங்கில் கடித்த இடமும் இன்சுலேஷன் டேப்பும் தேடுங்கள். பங்குனி, சித்திரையில் வண்டி பார்க்கிறவர்கள் இதை இரண்டு தரம் செய்யலாம்.

இன்ஜினுக்கு இந்த வாரம் இவ்வளவுதான்: காலையில் போங்கள், நீங்கள் வரும் வரை செல்ஃப் அடிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது.

எந்தச் சத்தம் எந்தச் செலவு என்பதை அடுத்த வாரம் தஞ்சாவூர்–திருவையாறு சாலையில் ஓட்டிப் பார்த்தே சொல்கிறேன். கியர், பிரேக்கும் அப்போதுதான்.